துருவேறா உருக்கும் துருவேறுவது ஏன்?
ஒட்டப்படும் குழாய்களும் ஒட்டுபவர் நலனும்

கடந்த தை மாதத்துக் கடுங்குளிர் இரவொன்றில், மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியிலுள்ள எமது இருப்பிடத்திற்கு இளைஞர் ஒருவர் வந்தார். பாற்பொருள் தொழிற்சாலைகளுக்கான குழாய்களை இணைத்துக் கொடுக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் அவர் வெல்டிங் வேலை செய்பவர். கைப்பையிலிருந்து பத்திரிகைத் தாளிற் சுற்றிய பொருளொன்றை எடுத்து எமது மேசைமீது வைத்தார். அது முழங்கை நீளமுள்ள உருக்குக் குழாய்த்துண்டு. நெடுக்காக இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது.

“சேர், இது நான் ஒட்டின ஒட்டு. எட்டு மாதத்தில ஒழுகத் தொடங்கிட்டுதாம். இரும்பு கூடாததோ, என்ர கை கூடாததோ? எனக்கு அது தெரியவேணும்.”

ஒருகாலத்தில் நாம் இரசாயனவியல் விரிவுரையாளராக இருந்தவர் என்பதை யாரோ சொல்லக் கேட்டு அவர் வந்திருந்தார். அவருக்கு இது வெறும் அறிவு வேட்கையன்று. குழாயின் ஒழுக்கிற்கு அவரே பொறுப்பு என்று தொழிற்கூடத்தில் பேசப்படுகிறது. ஊரில் தாயாரும் தங்கையும் அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கின்றனர்.

குழாயின் வெளிப்புறத்தைப் பார்த்தோம். மீன் செதில்களை ஒழுங்காக அடுக்கியதுபோன்ற சீரான ஒட்டு; எவரும் குறைகாண முடியாத கைவேலை. உட்புறத்தைப் பார்த்தபோதுதான் அதன் கதை விளங்கிற்று. ஒட்டின் அடிப்பகுதி கருகி, கரடுமுரடாக, எரிந்த சீனிக் கட்டிபோற் காணப்பட்டது. அதன் இருமருங்கிலும் கருநீலப் பட்டைகள். ஒட்டிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளி, நீலப் பட்டையின் நடுவே, குண்டூசி முனையளவில் ஒரு துளை.

இந்தத் துளை எவ்வாறு தோன்றியது என்பதை அவருக்கு அன்றிரவு விளக்கினோம். தொழிற்கூடங்களில் உழைக்கும் எம்மவர் பலருக்கும் இது பயன்படும் எனக் கருதி, அவ்விளக்கத்தைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றோம்.

எவர்சில்வரின் இரகசியம்

எமது வீடுகளில் எவர்சில்வர் என்ற பெயரால் வழங்கும் உலோகத்தைப் பாடநூல்கள் கறையில் உருக்கு என்றும் துருவேறா உருக்கு என்றும் கூறும். பெயரைக் கேட்பவர்கள், இவ்வுலோகம் இயல்பாகவே துருப்பிடிக்க இயலாத ஒன்று என எண்ணுவர். உண்மை அதுவன்று. இதன் பெரும்பகுதி இரும்பே. அந்த இரும்பு, எமது ஊர்க் கிணற்றடியில் கிடந்த வாளியின் இரும்பைப் போலவே துருவேறும் இயல்பினது.

அதைக் காப்பது குரோமியம். உருக்கில் ஏறத்தாழ 10.5 சதவீதத்திற்கு மேல் குரோமியம் கலந்திருந்தால், அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றது. அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் இரண்டு மூன்று பங்கு மட்டுமே. தலைமுடி ஒன்றின் தடிப்பை எட்டவேண்டுமாயின் இத்தகைய படலங்கள் இருபது முப்பதாயிரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். கீறினாலும் சுரண்டினாலும், ஒட்சிசன் கிடைக்குமாயின் அது உடனே தானாக மீண்டும் மூடிக்கொள்ளும். துருவேறா உருக்கின் பெருமை முழுவதும் இந்த மெல்லிய போர்வையில்தான் தங்கியிருக்கிறது.

1912இல் ஜேர்மனியின் எஸ்ஸென் நகரில் குறூப் நிறுவனத்தைச் சேர்ந்த மவுறரும் ஸ்ட்ராவுசும் குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்கிற்குக் காப்புரிமை கோரினர். 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி, துப்பாக்கிக் குழல்களுக்கு உகந்த உலோகத்தைத் தேடும்போது ஏறத்தாழ 13 சதவீதக் குரோமியம் கொண்ட உருக்கை வார்த்தார். இன்று பால், பாலாடைக்கட்டி, பியர், மருந்து ஆகியவற்றின் தொழிற்சாலைகளிற் காணப்படும் குழாய்களிற் பெரும்பாலானவை எஸ்ஸென் வழிவந்தவை. 304 என்ற இலக்கத்தால் அறியப்படும் வகையில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. 316 என்ற வகையில் இவற்றுடன் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினமும் சேரும். உப்பின் தாக்குதலை அது கூடுதலாகத் தாங்கும்.

நெருப்பு செய்யும் முதற் கெடுதல்

ஆயிரத்து நானூறு பாகைக்கு மேல் உலோகத்தை உருக்கி ஒட்டும்போது இந்தப் போர்வைக்கு என்ன நேர்கின்றது? இக்கேள்விக்கான விடையைத் தொழிலுலகம் பெரும் நட்டத்தின் பின்னரே கற்றது. 1920களிலும் 1930களிலும் ஒட்டப்பட்ட கலங்களும் குழாய்களும் ஒட்டிலன்றி ஒட்டின் அருகிலேயே, கோடு கிழித்ததுபோல அரித்துப் போயின. ‘ஒட்டுச் சிதைவு’ என்று அதற்குப் பெயரிட்டனர்.

அமெரிக்க உலோகவியலாளர் எட்கர் பெயினும் அவரது சகாக்களும் 1933இல் இதன் காரணத்தைத் தெளிவாக விளக்கினர். உருக்கு எண்ணற்ற நுண்மணிகளால் ஆனது. ஏறத்தாழ 425 பாகை முதல் 815 பாகை வரையான வெப்பநிலையில் அது தங்கியிருக்குமாயின், அதிலுள்ள காபன் அந்த மணிகளின் எல்லைகளுக்கு நகர்ந்து, அங்குள்ள குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டாக மாற்றிவிடும். நிறைப்படி ஒரு பங்கு காபன் ஏறத்தாழ 17 பங்கு குரோமியத்தைக் கவர்ந்துகொள்ளும். மொத்தக் கணக்கில் இந்த இழப்பு சிறிது. ஆனால் முழு இழப்பும் மணிகளின் எல்லையோரத்தில் மட்டும் நிகழ்வதால், அங்கே குரோமியம் காப்புப்படலத்திற்குப் போதாத அளவிற்குக் குறைந்துவிடுகின்றது. மதில் உறுதியாயிருக்க, கற்களுக்கிடையேயுள்ள சாந்து மட்டும் உதிர்வது போன்றது இது.

ஒட்டு உருகிய இடம் விரைவாகக் குளிர்ந்துவிடும். தூரத்திலுள்ள உலோகம் சூடாவதேயில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையே ஆபத்தான வெப்பநிலையில் அதிக நேரம் நிற்கின்றது. ஒட்டுக்கு அருகிலேயே நோய் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

மருந்து எளிது: காபனைக் குறைக்கவேண்டும். பழைய 304 வகையில் 0.08 சதவீதம் வரை காபன் இருக்கலாம். 304எல் என்ற வகையில் அது 0.03 சதவீதத்தை மிஞ்சலாகாது. ஆயினும் இத்தகைய உருக்கை மலிவாக ஆக்கும் வழி நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1960களின் இறுதியில், உருகிய உருக்கினூடாக ஆகனையும் ஒட்சிசனையும் சேர்த்துச் செலுத்திக் காபனை எரித்தகற்றும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தபின்னரே, குறைந்த காபன் உருக்கு எங்கும் கிடைக்கலாயிற்று.

அதற்கிடையில் உலகம் மேலும் பாடங்களைக் கற்றது. 1970களில் அமெரிக்காவின் கொதிநீர் அணுவுலைகளில் 304 வகைக் குழாய்களின் ஒட்டுகளருகே வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. காபன் கவர்ந்த குரோமியம், ஒட்டியபின் உள்ளே எஞ்சிய இழுவிசை, சூடான நீரிற் கரைந்த ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு அது. இப்பாடத்தைத் தமிழகமும் கவனித்தது. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனம் 1975இல் வெல்டிங்கிற்கென்றே ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவியது. கல்பாக்கத்தில் அமைக்கப்பட்ட 500 மெகாவாற்று வேக ஈனுலையின் பிரதான கலத்திற்குக் காபன் குறைத்து நைதரசன் சேர்த்த 316எல்என் வகை உருக்கே தெரிவுசெய்யப்பட்டது. காபனைக் குறைப்பதால் இழக்கும் வலுவை நைதரசன் ஈடுசெய்கின்றது.

இளைஞர் கொணர்ந்த குழாயில் 304எல் என்ற முத்திரை தெளிவாக இருந்தது. ஆகவே, பெயின் விளக்கிய பழைய நோய் இதில் இல்லை. இரும்பு கூடாதது அன்று.

சீனி என்னும் இரண்டாவது கெடுதல்

இன்றைய தொழிற்கூடங்களில் அதிகம் காணப்படுவது வேறொரு நோய்.

மெல்லிய குழாய்களை ஒட்டப் பெரும்பாலும் ‘டிக்’ முறையே கையாளப்படுகின்றது. தங்குதன் முனையிலிருந்து எழும் மின்வில் உலோகத்தை உருக்க, விளக்கின் வாயிலிருந்து பாயும் ஆகன் வாயு காற்று அண்டாமற் காக்கும். ஆனால் அந்த ஆகன் காப்பது வெளிப்புறத்தை மட்டுமே. குழாயின் உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. அதில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன். உருகிய அடிப்பகுதி அந்த ஒட்சிசனை ஆவலுடன் பற்றிக்கொண்டு கருகி நுரைக்கின்றது. இதனையே தொழிலாளர் சீனி என்கின்றனர். மேப்பிள் பாகு காய்ச்சும் இந்நாட்டில் சீனி என்பது இனிய சொல். குழாய்க்குள் அது கசப்பானது.

அருகேயுள்ள நிறப்பட்டைகளும் அழகுக்கானவை அல்ல. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப்படலம் வர்ணஜாலம் காட்டுவதுபோல, ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பிற்கேற்ப நிறம் மாறுகின்றது. வைக்கோல் மஞ்சள் எனில் மெல்லியது. நீலம் எனில் தடித்தது. கறுப்பு எனில் மேலும் தடித்தது. தடித்த படலம் கூடுதலாகக் காக்கும் என்று எண்ணலாகாது. வெப்பத்தில் விளைந்த இப்படலம் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. அத்துடன், தனக்கு வேண்டிய குரோமியத்தை அது தன்கீழுள்ள உலோகத்திலிருந்தே உறிஞ்சியெடுக்கின்றது. எனவே நீலப் பட்டையின் அடியில் குரோமியம் குன்றிய ஒரு வறிய அடுக்கு எஞ்சுகின்றது. அரிப்பு புகுவதற்கான வாசல் அதுவே. காபன் எவ்வளவு குறைந்த உருக்காயினும் இந்நோயிலிருந்து தப்பாது.

குழாயின் உட்புறத்தையும் ஆகனால் நிரப்பிவிட்டு ஒட்டுவதே தடுக்கும் வழி. எவ்வளவு தூய்மை வேண்டும்? அமெரிக்க வெல்டிங் சங்கம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில், குழாயின் உள்ளே எஞ்சும் ஒட்சிசனுக்கேற்பப் பத்து நிறப்படிகள் படமாகக் காட்டப்பட்டுள்ளன. பத்து இலட்சத்தில் 10 பங்கு ஒட்சிசன் என்பது முதலாம் படி. ஏறக்குறைய வெள்ளி நிறம். நான்காம் படி 100 பங்கு. ஏழாம் படி 1,000 பங்கு. பத்தாம் படி 25,000 பங்கு. அதாவது வெறும் இரண்டரைச் சதவீதம். இளைஞரின் குழாயில் நிறைந்திருந்ததோ 21 சதவீத ஒட்சிசன் கொண்ட வெறுங்காற்று!

“உள்ளுக்கு வாயு விடுறதைப் படிக்கேக்க பழக்கினவை. ஆனா அண்டைக்கு அவசரம் எண்டு சொல்லி, வெளி வாயு காணும் எண்டுட்டார் மேற்பார்வையாளர்” என்றார் அவர்.

பத்து நிமிடத்தின் விலை

அந்த அவசரத்தின் கணக்கை அவருடன் சேர்ந்து தாளிற் போட்டுப் பார்த்தோம். 51 மில்லிமீற்றர் குழாய், ஆறு மீற்றர் நீளம். உள்ளே ஏறத்தாழ பத்தரை லிற்றர் காற்று. அதனை நன்கு வெளியேற்ற அதன் பத்து மடங்கு ஆகன் வேண்டும் எனக் கொள்வோம், 105 லிற்றர். நிமிடத்திற்குப் பத்து லிற்றர் வீதம் செலுத்தினால், ஓர் ஒட்டுக்குப் பத்து நிமிடத்திற்கு மேற் காத்திருக்கவேண்டும். நாளுக்கு இருபது ஒட்டுகள் எனில் மூன்றரை மணிநேரம். முதலாளியின் முகம் சுளிப்பது வியப்பன்று.

ஆனால் ஒட்டின் இருபுறமும் பதினைந்து சென்ரிமீற்றர் தள்ளி இரு அடைப்புகளை வைத்தால், நிரப்பவேண்டிய இடம் அரை லிற்றருக்குச் சற்று அதிகம் மட்டுமே. அரை நிமிடம் போதும். நீரிற் கரையும் தாளினாலான அடைப்புகள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. வேலை முடிந்தபின் குழாயைக் கழுவும்போது அவை கரைந்து போய்விடும். ஆக, அங்கு மிச்சம் பிடிக்கப்பட்டது நேரமன்று. சிறிது முன்யோசனையே மிச்சம் பிடிக்கப்பட்டது.

வாயுவுக்கு அடுத்தது வெப்பம். 80 அம்பியர், 12 வோல்ற்று மின்வில்லுடன் கை நிமிடத்திற்கு 100 மில்லிமீற்றர் நகருமாயின், ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 576 யூல் வெப்பம் இறங்கும். கை அரைவேகத்தில் நகர்ந்தால் அது 1,152 யூலாக இரட்டிக்கும். நிறப்பட்டை அகலும், குழாய் கோணும், உள்ளே எஞ்சும் இழுவிசை கூடும். அதற்காக அளவுமீறி விரைந்தால் உலோகம் அடிவரை உருகாது. உட்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு எஞ்சும். அந்த இடுக்கில் ஒட்சிசன் புகாது. ஒட்சிசன் புகாத இடத்தில் காப்புப்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. பல அடுக்குகளாக ஒட்டும்போது முன்னைய அடுக்கு 150 பாகை அளவிற்குக் குளிரும்வரை பொறுத்திருப்பதும் வழக்கமான விதி.

இன்னொரு பிழை எளிதில் நிகழ்வது. சாதாரண இரும்பைத் தேய்த்த கம்பித் தூரிகையாலோ அரைக்கும் தட்டாலோ துருவேறா உருக்கைத் தொடலாகாது. இரும்புத் துகள்கள் அதிற் பதிந்து சில நாட்களிற் செம்புள்ளிகளாகத் துருவேறும். ஊரில் மரக்கறி வெட்டும் கத்தியை வேறாகவும் மீன் வெட்டும் கத்தியை வேறாகவும் வைத்த எமது தாய்மாருக்கு இந்த ஒழுக்கத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

உப்பு தேடும் வாசல்

நீலப் பட்டை இருந்தாலும், அதைத் தொடுவது தூய நீர் மட்டுமே எனில் குழாய் நெடுங்காலம் நிற்கக்கூடும். துளையிடுவது குளோரைட்டு, அதாவது உப்பு. கடற்காற்று வீசும் எமது கரையோர ஊர்களில் துவிச்சக்கரவண்டியின் கைபிடி எவ்வளவு விரைவிற் பொரிந்து போகும் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். இங்கு கடல் தொலைவில் இருந்தாலும், மாரியில் வீதியெங்கும் உப்புத் தூவப்படுகின்றது. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் உள்ளேயோ உப்புநீரே ஒரு மூலப்பொருள். கனடாவின் பாற்பண்ணைகளில் ஏறத்தாழ அரைவாசி கியூபெக் மாகாணத்தில் உள்ளன. இத்தகைய குழாய்கள் எமது நகரைச் சுற்றி எத்தனை மைல்களுக்கு நீளும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

குளோரைட்டு உலோகத்தை எங்கும் சமமாக அரிப்பதில்லை. வலுக்குன்றிய ஒரு புள்ளியைத் தேடி அங்கே குழி பறிக்கும். குழியினுள் அமிலத்தன்மை கூடும். மேலும் குளோரைட்டு உள்ளிழுக்கப்படும். குழி தன்னைத்தானே ஆழமாக்கிக்கொள்ளும். வெளியே பளபளக்கும் குழாய் ஊசித்துளை ஒன்றினால் வீணாவது இவ்வாறே.

பணநட்டத்துடன் இது முடிவதில்லை. கரடான ஒட்டிலும் குழியிலும் பால் படிந்து நிற்கும், கழுவும் திரவம் அங்கு சென்றடையாது, கிருமிகள் குடியேறும். 2008இல் ரொறன்ரோவின் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பரவிய லிஸ்ரீரியாக் கிருமி இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அங்கு ஒட்டு காரணமன்று. இறைச்சி சீவும் இயந்திரங்களின் உள்ளிடுக்குகளிலே கிருமி தங்கியிருக்கக்கூடும் எனக் கருதப்பட்டது. எனினும், கண்ணுக்கெட்டாத இடுக்கு ஒன்று எத்தகைய கேட்டை மறைத்து வைத்திருக்கக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

மேப்பிள் பாகு காய்ச்சுவோரின் வரலாற்றிலும் ஒட்டைப் பற்றிய பாடம் உண்டு. ஒரு லிற்றர் பாகுக்கு ஏறத்தாழ நாற்பது லிற்றர் மரச்சாற்றைக் காய்ச்சவேண்டும். பழைய தட்டங்களின் மூட்டுகள் ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை. அந்த ஈயம் பாகிலும் கலந்தது. இன்று அவற்றின் இடத்தை ஆகன் காப்பில் ஒட்டிய துருவேறா உருக்குத் தட்டங்கள் பிடித்துள்ளன.

கழுவும் அமிலமும் சுவாசிக்கும் புகையும்

நிறப்பட்டை தோன்றிவிட்டால் அதனை நீக்க வழியுண்டு. நைத்திரிக்கமிலமும் ஐதரோபுளோரிக்கமிலமும் கலந்த பசையைப் பூசிக் கழுவினால், ஒட்சைட்டுடன் அதன்கீழுள்ள வறிய அடுக்கும் அகன்றுவிடும். நல்ல உலோகம் வெளிப்பட்டுப் புதிய போர்வை உண்டாகும். கம்பித் தூரிகையால் மினுக்குவது கண்ணுக்கு மட்டுமே மருந்து. ஆனால் நீண்ட குழாயின் உட்புறத்தை இவ்வாறு கழுவுவது எளிதன்று. ஆகவேதான் வருமுன் காத்தல் இங்கே பெரிதும் வேண்டப்படுகின்றது.

அந்தப் பசையைக் கையாளும் எம்மவர்க்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஐதரோபுளோரிக்கமிலம் தோலிற் பட்டால் சிலவேளைகளில் உடனே வலிக்காது. உள்ளே ஊடுருவி உடலின் கல்சியத்தைப் பிணைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். பட்டவுடன் நீரால் நன்கு கழுவி, கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பைப் பூசி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அக்களிம்பு இல்லாத தொழிற்கூடத்தில் அப்பசையைத் தொடாதீர்கள்.

ஆகனும் தீங்கற்றது என்று எண்ணலாகாது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு காற்றைவிடப் பாரமானது. பெரிய கலங்களின் அடியில் தேங்கி, உள்ளே இறங்குபவரை ஓசையின்றி மூச்சடைக்கச் செய்யும். துருவேறா உருக்கை ஒட்டும்போது எழும் புகையில் ஆறுவலுக் குரோமியமும் நிக்கலும் உண்டு. 2017இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம், வெல்டிங் புகையை மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் வகைப்படுத்தியது. புகையை மூக்கருகே உறிஞ்சியெடுக்கும் குழலும் தகுந்த சுவாசக் கவசமும் கேட்டுப் பெறவேண்டியவை. கியூபெக்கில் 1979ஆம் ஆண்டின் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், தனக்கு ஆபத்து விளைவிக்கும் எனத் தக்க காரணத்துடன் கருதும் வேலையை மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கின்றது. அகதியாக வந்தவர் என்பதால் இவ்வுரிமை எவருக்கும் குறைவதில்லை.

கையெழுத்திட்ட தாள்

இளைஞர் தம்முடன் இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தார். அது அந்த வேலைக்கான செய்முறைத் தாளின் பிரதி. பிரெஞ்சு மொழியில் மூன்று பக்கங்கள். ‘சூதேர்’ என்ற இடத்தில், அதாவது ஒட்டுபவர் என்ற இடத்தில், அவருடைய கையெழுத்து இருந்தது. இரண்டாம் பக்கத்தில், குழாயின் உட்புறம் ஆகனால் நிரப்பப்படவேண்டும் என்றும், மென்மஞ்சளுக்கு மேற்பட்ட நிறம் ஏற்கப்படாது என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

வாசித்துக் காட்டினோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

“உதை வாசிக்காமத்தான் சேர் கையெழுத்து வைச்சனான். எல்லாரும் வைச்சவை.”

அவருடைய கேள்விக்கு எமது விடை இதுதான்: தம்பி, இரும்பும் கூடாததன்று, உமது கையும் கூடாததன்று. பிழை அந்த இடத்தின் நிலைமையில். ஆனால் தாளில் இருப்பது உமது பெயர். வாயுவை மூடச்சொன்னவரின் சொல் காற்றோடு போய்விட்டது.

அன்றிரவே இருவரும் அமர்ந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினோம். எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. குழாயின் உட்புறம் ஆகனால் நிரப்பப்படாமலே ஒட்டப்பட்டது, அதே நாட்களில் அவ்வாறே ஒட்டப்பட்ட வேறு மூட்டுகளும் உள்ளன, அவற்றையும் பார்ப்பது நல்லது என்பவை மட்டுமே அதன் பொருள். அதனைக் கொடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அவருக்கு மூன்று நாட்கள் சென்றன. பின்பு கொடுத்தார்.

மூன்று வாரங்களின் பின் தொலைபேசியில் அழைத்தார். குழாய்க்குள் நுண்கமராவைச் செலுத்தி ஏனைய மூட்டுகளைப் பார்த்தார்களாம். சில வெட்டி மாற்றப்படுகின்றன. கரையும் தாள் அடைப்புகள் ஒரு பெட்டி வாங்கி வைக்கப்பட்டுள்ளது. மேற்பார்வையாளர் அவருடன் முன்போலப் பேசுவதில்லை. வேலை இன்னும் இருக்கின்றது. எவ்வளவு காலத்திற்கு என்பதை அவர் அறியார். பால் குடிக்கும் எந்தக் குழந்தையும் இதனை அறியப்போவதில்லை என்றோம். “அது பரவாயில்லை, சேர்” என்றார்.

இம்மாகாணத்தில் வெல்டிங் தொழிற்கல்வி 1,800 மணிநேரப் பயிற்சியைக் கொண்டது. அழுத்தத்தைத் தாங்கும் கலங்களிலும் குழாய்களிலும் வேலை செய்யத் தனிச் சான்றும் வேண்டும். எம்மவரில் பலர் இரவில் உணவகங்களிற் கோப்பை கழுவிப் பகலில் இதனைக் கற்றுத் தேறியுள்ளனர். கற்ற தொழிலின் அறிவை அவசரத்திற்கு விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே அவர்களுக்கு எமது வேண்டுகோள். கையெழுத்திடுமுன் தாளை வாசியுங்கள். மொழி தடையாயின் வாசிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுசெல்லுங்கள். வாயுவை மூடு என்று எவரேனும் சொன்னால், அதனை எழுத்தில் தரும்படி பணிவுடன் கேளுங்கள்.

பிளந்த குழாயின் ஒரு பாதியை அவர் எம்மிடமே விட்டுச் சென்றார். எமது புத்தக அலுமாரியில் அது இருக்கின்றது. வீட்டிற்கு வருபவர்கள் அதன் வெளிப்புறத்தைப் பார்த்து நல்ல வேலை என்பார்கள். நாம் அதனைத் திருப்பி வைத்துக் காட்டுவதுண்டு.